கைத்தொண்டும் தலைமையும்

தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் முடியுடை மன்னரையும் படை நடத்திய தளபதியரையும் சட்டசபை கண்ட அரசியலாளரையுமே பெரும்பாலும் தலைவர் எனக் கணக்கிட்டு வந்துள்ளனர். கோயில் எடுத்தவனின் பெயர் கல்லிலே நின்றது; அக்கோயில் முற்றத்தை நாள்தோறும் கூட்டியவனின் பெயர் காற்றிலே போயிற்று. எனினும் சிவாலயம் ஒன்றினுள் நுழைவோர் நால்வர் திருவுருவங்களின் வரிசையிலே, தோளிற் சாய்த்த உழவாரத்துடன் நிற்கும் முதியவர் ஒருவரைக் காண்பர். புல் செதுக்கும் கருவியொன்று வழிபடப்படும் உருவத்தின் அடையாளமாக அமைந்தமை வியத்தற்குரியது. சிறுபணி செய்த கை எவ்வாறு பலரை வழிநடத்தும் கையாயிற்று? அப்பணியைப் பிறப்பினாலே சுமந்தவர்களுக்கு அதே பெருமை ஏன் கிட்டவில்லை? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையிலே ஒரு கயிறு

திருக்கோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாலும் மீன்பிடித் தொழிலாலும் அறியப்படுவது அவ்வூர். இத்தகைய கிழக்குக் கரையோர ஊர்களிலே பல தலைமுறைகளாக வழங்கிவந்த கரைவலைத் தொழிலின் அமைப்பு இவ்வாய்வுக்கு நல்ல தொடக்கமாகும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையிலே விட்டு, வலையைத் தோணியிலேற்றிக் கடலிலே அரைவட்டமாக வளைத்து, மறு தலைப்பைச் சற்றுத் தொலைவிலே கரை சேர்ப்பர். பின்னர் இரு வரிசையினர் இரு தலைப்புகளையும் ஒருங்கே இழுப்பர். ஒரு வரிசை முந்தினாலும் மறு வரிசை பிந்தினாலும் வலை கோணி மீன் தப்பிவிடும். வலையிலே அகப்பட்டது பங்குமுறையிலே பகிரப்படும்.

இத்தொழிலிலே நீரோட்டமும் மீன் வரவும் அறிந்து பணி நடத்துபவன் மண்டாடி எனப்படுவான். கயிற்றின் பாரத்தைத் தன் தோளிலே அறிந்தவனே எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்று பிறருக்குச் சொல்லத் தகுதியுடையவன். ஆகவே அங்கே ஏவலும் உழைப்பும் ஒரே மணலிலே நிற்கின்றன. ஆயின் அக்கயிற்றுக்கு இன்னொரு முனையும் உண்டு. வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை. அவரிடம் முற்பணம் பெற்ற தொழிலாளி அக்கடன் தீருமட்டும் அவ்வலையை விட்டு நீங்க இயலாதவனாவான். ஒரே கயிறு ஒருவனுக்குத் தலைமையையும் இன்னொருவனுக்குத் தளையையும் தருகின்றது. கடற்கரையிலே காணப்படும் இவ்விருமையே தமிழர் சமுதாயத்தில் ‘தொண்டு’ என்ற கருத்தின் வரலாறு முழுவதிலும் காணப்படுகின்றது.

தொண்டும் தொழும்பும்

தமிழிலே தொண்டு என்ற சொல் பணிவிடையையும் குறிக்கும்; அடிமைத்தனத்தையும் குறிக்கும். தொழும்பு, அடிமை, ஊழியம் என்பனவும் அவ்வாறே இரு பொருளும் பயப்பன. ஆண்டவனுக்கு அடிமை என்று தம்மைக் கூறிக்கொள்வதிலே அடியார் பெருமிதம் கொண்டனர். அதே காலத்திலே நிலவுடைமையாளருக்கு அடிமையாயிருந்த மக்களும் தமிழ்நாட்டிலே இருந்தனர். ஒரு சொல் இவ்வாறு மேலோரின் பெருமிதத்தையும் கீழோரின் துயரையும் ஒருங்கே தாங்கி நிற்பது தற்செயலானதன்று. விரும்பி ஏற்றுக்கொண்ட பணி தொண்டு எனப் போற்றப்பட்டது. பிறப்பினாலே சுமத்தப்பட்ட அதே பணி தொழும்பு என இழித்துரைக்கப்பட்டது. வேறுபாடு பணியிலே இல்லை. அதைச் செய்பவன் அதனை மறுக்கும் உரிமை உடையவனா என்பதிலேயே உள்ளது.

உழவாரம் ஏந்திய கை

கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார், சமண சமயஞ் சார்ந்து தருமசேனர் என்னும் பெயருடன் அச்சமயத்தாரிடையே உயர்ந்த நிலை எய்தியவர். பின்னர்ச் சூலைநோயினால் வருந்தித் தமக்கையாரிடம் மீண்டு, திருநாவுக்கரசர் ஆனார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலே பாடிய பெரியபுராணம் இவ்வரலாற்றை விரிவாகக் கூறும். அக்காலச் சமயப் பூசல்களின் கசப்பு அவ்வரலாற்றிலே விரவியுள்ளது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் இங்கே கருதத்தக்கது அவர் மேற்கொண்ட பணியின் இயல்பேயாகும்.

அப்பணிக்கு அவர் முதலாசிரியர் அல்லர் என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. தமக்கென மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்திலே இறந்தபின், உயிர் துறக்கத் துணிந்த திலகவதியார், தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். அவர் திருவதிகைக் கோயிலிலே அலகிடுதல், மெழுக்கிடுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகிய பணிகளை நாள்தோறும் செய்து வாழ்ந்தார். வாதத்தினாலன்றி இவ்வாழ்வினாலேயே அவர் தம்பியை ஈர்த்தார் எனலாம். சமணப் பள்ளியிலே பெருங்கல்வி கற்றுத் தலைமை பெற்றிருந்த ஒருவர், துடைப்பம் ஏந்திய தமக்கையின் வழியையே பின்பற்றினார். பின்னாளிலே அவர் ஏந்திய உழவாரம் தமக்கையின் துடைப்பத்தின் தொடர்ச்சியேயாகும்.

திருநாவுக்கரசர் சென்ற தலந்தோறும் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். திருப்புகலூரிலே அவ்வாறு பணி செய்கையில் பொன்னும் மணியும் மண்ணிடையே மின்னின. அவற்றையும் பரற்கற்களோடு ஒப்பக் கருதி உழவாரத்தால் வாரிக் குளத்திலே எறிந்தார் என்பது புராணம். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்துற்றபோது அடியார்க்கு உணவளிக்கும் பொருட்டுச் சம்பந்தரும் நாவுக்கரசரும் நாள்தோறும் ஒவ்வொரு காசு பெற்றனர். சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கொடுக்க வேண்டியிருந்தது. நாவுக்கரசர் பெற்ற காசோ வாசியில்லாத நற்காசாயிருந்தது. நாவுக்கரசர் கைத்தொண்டு செய்தமையே இதற்குக் காரணம் எனச் சேக்கிழார் கருதினார். பாடலும் தவமும் போற்றப்பட்ட சமுதாயத்திலே, கையால் உழைத்த உழைப்புக்கு நாணயச் சந்தையிலும் கூடுதல் மதிப்பு உண்டு என ஒரு புலவர் கற்பித்துக் காட்டியமை மனங்கொள்ளத்தக்கது.

பிறரை வழிநடத்துதல் என்ற வகையிலே இருவேறு நிகழ்ச்சிகள் சிறப்பாகக் கருதற்பாலன. முதலாவது, திங்களூர் அப்பூதியடிகளின் செயல். அந்தணராகிய அவர், தாம் நேரிற் கண்டறியாத வேளாளர் குலத்து அடியாராகிய நாவுக்கரசரின் பெயரைத் தம் மக்களுக்கு இட்டார். சாலைகளுக்கும் சோலைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயரையே இட்டார். கட்டளையும் ஓலையும் இன்றி, ஒருவரின் பணி இன்னொருவரின் பணியைப் பிறப்பித்தது. வழிப்போக்கரின் தாகம் தணித்த அப்பந்தலே நாவுக்கரசரின் தலைமைக்குச் சான்றாக நின்றது.

இரண்டாவது, திருப்பூந்துருத்தியிலே நிகழ்ந்தது. முதியவராகிய நாவுக்கரசர், இளையராகிய சம்பந்தரின் சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராய்க் கூட்டத்திலே மறைந்து நின்றார். அப்பர் எங்குள்ளார் எனச் சம்பந்தர் வினவ, சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. அது கேட்ட சம்பந்தர் பதைத்து இழிந்து வணங்கினார். அவர் வணங்குமுன் நாவுக்கரசர் வணங்கினார். இந்நிகழ்ச்சியைப் பணிவின் எடுத்துக்காட்டாக மட்டும் கூறி அமைவது வழக்கம். சிவிகையில் இருந்தவர் இறங்கினார் என்பதே இதன் சாரம். சுமப்பவர் யார் என அறிந்தபின்னும் மேலிருப்பவர் இறங்காதிருப்பாராயின், அப்பணிவு மேலிருப்பவரின் மேன்மைக்கு இன்னுமொரு படியாக மட்டுமே பயன்பட்டிருக்கும்.

நந்தனாரின் தோல்

அதே பெரியபுராணம் இன்னொரு தொண்டரின் வரலாற்றையும் கூறுகின்றது. ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்த திருநாளைப்போவார், கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தவர். திருப்புன்கூரிலே குளந் தோண்டினார். இவையாவும் கைத்தொண்டே. நாவுக்கரசரின் உழவாரம் முற்றத்தின் உள்ளே நுழைந்தது. நந்தனார் பதப்படுத்திய தோலும் முழவின் முகமாய்ச் சந்நிதிவரை சென்றது. அத்தோலைத் தந்தவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். தில்லையிலே அவர் உள்ளே புகுவதற்குத் தீயிடை மூழ்கி எழவேண்டியிருந்தது எனப் புராணம் கூறும்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, பணிவான சேவையே தலைமையைத் தரும் என்ற பொதுக்கூற்று எத்துணைக் குறைபாடுடையது என்பது புலனாகும். உயர்ந்த நிலையில் நின்றவர் இறங்கிச் செய்த சேவை அவரைத் தலைவராக்கியது. இறங்குவதற்குப் படியே இல்லாதவர் செய்த சேவை அவரை நின்ற இடத்திலேயே நிறுத்தியது. எனவே ஒருவரின் தொண்டினை மதிப்பிடுவதற்கு அவர் எத்துணைத் தாழ்ந்த பணியைச் செய்தார் என்று கேட்டல் போதாது. அவர் செய்ததன் பயனாக அப்பணிக்கு உரியோர் எனத் தள்ளப்பட்டவர்க்கு எந்த வாயில் திறந்தது என்றும் கேட்டல் வேண்டும்.

கோணேசர் கோயிலின் ஊழியர்

இவ்வினாவைத் திருக்கோணமலையின் வரலாற்றிலும் எழுப்பலாம். சம்பந்தராற் பாடப்பெற்ற கோணமாமலைக் கோயிலின் நிருவாக ஒழுங்கினைக் கூறும் நூல் கோணேசர் கல்வெட்டு. பெயரிலே கல்வெட்டு என இருப்பினும் அது செய்யுளும் உரைநடையும் விரவிய நூலேயாகும். குளக்கோட்டன் என்னும் மன்னன் கோயில் திருப்பணி செய்து, தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் குடியேற்றி, அவரவர்க்குரிய ஊழியங்களை வகுத்தான் என்பது அது தரும் செய்தி. மலர் எடுத்தல், விளக்கேற்றல், சந்தனம் அரைத்தல், நெற் குற்றுதல் முதலாக அன்றாடப் பணிகள் பலவும் குடிகுடியாகப் பகிரப்பட்டன. அப்பணிகள் கடமையாக இருந்தவாறே உரிமையாகவும் மதிப்பாகவும் அமைந்தன. ஆகவே அவற்றை வெறும் அடிமைத் தொழில் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் இன்னார் மகன் இப்பணி என வகுத்த ஒழுங்கிலே, யார் எதனைச் செய்வது என்ற வினாவுக்குப் பிறப்பே விடையாயிற்று என்பதும் உண்மை.

1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர்; அதன் கற்கள் கோட்டை கட்டுதற்குப் பயன்படுத்தப்பட்டன. மன்னன் எடுத்த மண்டபங்கள் மறைந்தன. ஆனால் வழிபாடு மறையவில்லை. கோயில் திருவுருவங்கள் சில மறைத்துக் காக்கப்பட்டன என்பதும், தம்பலகாமத்து ஆதி கோணநாயகர் கோயிலிலே அவ்வழிபாடு தொடர்ந்தது என்பதும் மரபு. விளக்கேற்றுதலையும் மலர் எடுத்தலையும் நெற் குற்றுதலையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த குடிகள் இல்லாதிருப்பின் அத்தொடர்ச்சி நிகழ்ந்திராது. 1950ஆம் ஆண்டிலே நிலம் அகழ்ந்தபோது பழைய திருவுருவங்கள் சில வெளிப்பட்டன. 1963ஆம் ஆண்டிலே புதிய கோயிலின் குடமுழுக்கு நடைபெற்றது. ஏறத்தாழ 340 ஆண்டு இடைவெளியைத் தாங்கியவை சிறுபணி செய்த கைகளே. வரலாற்று நூல்கள் இடித்தவனின் பெயரைத் தருகின்றன. காத்தவர்களைக் குடிப்பெயராலன்றிக் குறிப்பிடுவதில்லை.

துடைப்பமும் வற்புறுத்தலும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இந்திய நாட்டிலே தொண்டு என்னும் கருத்து ஒரு புதிய திருப்பத்தை அடைந்தது. இராமகிருஷ்ண பரமஹம்சர் தம் சாதனைக் காலத்திலே, இழிகுலத்தவன் எனப்பட்ட ஒருவனின் வீட்டுக் கழிப்பிடத்தை இரவிலே சென்று தம் நீண்ட தலைமயிரினாலே துடைத்துத் தூய்மை செய்தார் எனச் சுவாமி விவேகானந்தர் தம் சொற்பொழிவொன்றிலே எடுத்துரைத்தார். கோயில் முற்றத்தைக் கூட்டிய அடியார் மரபு இங்கே தாழ்த்தப்பட்டவனின் இல்லத்தைக் கூட்டும் மரபாக மாறியது. 1897ஆம் ஆண்டு மே மாதத்திலே விவேகானந்தர் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன், மக்கட் பணியையே வழிபாடாகக் கொண்டது.

1901ஆம் ஆண்டிலே கல்கத்தாவிலே நடைபெற்ற காங்கிரஸ் மகாசபைக்குக் காந்தியடிகள் சென்றபோது, பேராளர் தங்கிய இடத்திலே கழிப்பிடங்கள் காணச் சகியாத நிலையிலிருந்தன. தொண்டர்களிடம் கூறியபோது, அது தம் வேலையன்று, தோட்டியின் வேலை என்றனர். அவர் தாமே துடைப்பம் கேட்டுப் பெற்றுத் தாம் பயன்படுத்தியதைத் துப்புரவு செய்தார். அடுத்து மகாசபையின் செயலாளர்களுள் ஒருவரிடம் சென்று எழுத்து வேலை கேட்டுச் செய்தார். அவருடைய சட்டைப் பொத்தான்களைப் பூட்டிவிடும் பணியையும் மகிழ்ந்து ஏற்றார். பின்னாளிலே அம்மகாசபையை வழிநடத்தியவரின் தொடக்கம் அதுவே.

எனினும் அவரே தம் தன்வரலாற்றிலே மறைக்காது எழுதிய மற்றொரு நிகழ்ச்சி இதனினும் சிறந்த பாடம் தருவது. 1898ஆம் ஆண்டளவிலே தர்பனில் அவர் இல்லத்திலே தங்கியிருந்த எழுத்தருள் ஒருவர், பஞ்சமப் பெற்றோர்க்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய கழிகலத்தைக் கஸ்தூரிபா கண்ணீருடன் சுமந்து சென்றார். அதனை மகிழ்ச்சியோடு செய்தல் வேண்டும் எனக் காந்தி சினந்து, மனைவியின் கையைப் பற்றி வாயிற்கதவுவரை இழுத்துச் சென்று வெளியேற்ற முற்பட்டார். கஸ்தூரிபா எதிர்த்து மொழிந்த பின்னரே நாணி அடங்கினார். சாதியிழிவை ஒழிக்கும் நல்ல நோக்கமே ஆயினும், பிறர்மேல் வற்புறுத்திச் சுமத்தப்பட்ட கணத்திலேயே தொண்டு மீண்டும் தொழும்பாகி விடுகின்றது. வழிகாட்டுவோன் தன் கையினாலே செய்து காட்டலாம். பிறர் கையைப் பற்றி இழுத்தலாகாது. இந்த எல்லையைக் காந்திக்கு உணர்த்திய கஸ்தூரிபாவே அந்நிகழ்ச்சியிலே தலைமை தாங்கியவர் எனல் மிகையாகாது.

விபுலாநந்தர் நடந்த வழி

இராமகிருஷ்ண மிஷனின் மரபு ஈழத்துக் கிழக்கிலே வேரூன்றியது சுவாமி விபுலாநந்தராலாகும். 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் காரைதீவிலே பிறந்து மயில்வாகனம் எனப் பெயர் பெற்ற அவர், 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். அக்காலத்திலே அத்தகைய தகைமையுடையோர்க்கு அரசாங்கப் பதவியும் செல்வமும் எளிதிற் கிட்டுவன. அவற்றை ஒதுக்கி 1922ஆம் ஆண்டிலே சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே சேர்ந்து, 1924ஆம் ஆண்டிலே துறவு பூண்டார்.

1925ஆம் ஆண்டிலே ஈழம் மீண்டபின், மிஷன் பாடசாலைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. திருக்கோணமலை இந்துக் கல்லூரியும் அவர் பொறுப்பில் இருந்த கல்விக்கூடங்களுள் ஒன்று. அதன் தலைமைப் பணியையும் அவர் சிலகாலம் ஏற்றிருந்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே 1929ஆம் ஆண்டிலே சிவாநந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. வறிய பிள்ளைகள் தங்கிக் கற்க மாணவர் இல்லங்கள் அமைந்தன. பாடசாலைக்குப் பணம் தேடுதல், கட்டடத்திற்குக் கல்லும் மரமும் சேர்த்தல், பிள்ளைகளின் உணவைக் கவனித்தல் ஆகியன நூலியற்றும் அறிஞர் ஒருவர்க்கு இடையூறானவை எனக் கருதப்படுவன. விபுலாநந்தர் அவற்றைத் தம் வாழ்வின் நடுப்பணியாகக் கொண்டார். தமிழிசை ஆராய்ச்சியின் பெருநூலாகிய யாழ்நூல், அவர் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே அரங்கேறியது.

1931ஆம் ஆண்டிலே அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகம் சிதம்பரத்தை அடுத்தது. அதன் அருகே திருவேட்களம் உள்ளது. அங்கிருந்த சேரிக்குப் பேராசிரியர் சென்று, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தீண்டாமை கடுமையாக நிலவிய காலம் அது. சேரிக்குட் புகுந்தவரைத் தீட்டுப்பட்டவர் எனக் கருதும் ஊர் அது. பகலிலே பல்கலைக்கழக மாணவர்க்குச் சங்க இலக்கியம் உரைத்தவர், சேரிப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி உரைத்தார். இரண்டினுள் எது பெரும்பணி என அவர் பிரித்துக் கூறவில்லை. செயலே விடையாயிற்று.

தில்லைக் கோயிலின் எல்லைக்கு அணித்தாக இப்பணி நடைபெற்றது என்பதைக் கருதுந்தோறும் நந்தனாரின் நினைவு எழாதிராது. புராணத்திலே சேரியிலிருந்து ஒருவர் கோயில் நோக்கி நடந்தார். அவர் எரியிலே இறங்கவேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகள் கழிந்தபின் ஈழத்திலிருந்து சென்ற துறவி ஒருவர் எதிர்த்திசையிலே, கல்விக் கோயிலிலிருந்து சேரி நோக்கி நடந்தார். அவர் கொண்டு சென்றது எழுத்து. எழுத்தறிந்த பிள்ளை வாயிலைத் தாண்டுவதற்குத் தீயிலே மூழ்க வேண்டியதில்லை. முன்னர்க் கேட்ட வினாவுக்கு, அதாவது தொண்டினால் எந்த வாயில் திறந்தது என்பதற்கு, விபுலாநந்தரின் வாழ்வு தரும் விடை இதுவாகும். 1933ஆம் ஆண்டிலே அப்பதவியை நீத்து ஈழத்துப் பாடசாலைப் பணிக்கு மீண்டார். 1943ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள் மறைந்த அவரின் உடல், கல்லடி உப்போடையிலே தாம் வளர்த்த சிவாநந்த வித்தியாலயத்தின் நிலத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

சிரமதானமும் அதன் நிழலும்

தமிழர் மட்டுமன்றிச் சிங்கள மக்களும் இவ்வழியிலே நடந்தனர். 1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின, தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். சாதியமைப்பிலே மிகவும் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்து மாணவர் அம்மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு மண் வெட்டினர். சிரமதானம் எனப்பட்ட அவ்வுழைப்புக் கொடையே சர்வோதய இயக்கமாகப் பெருகி நாடெங்கும் பரவியது. ஆரியரத்தின 2024ஆம் ஆண்டிலே காலமானார்.

சிரமதானம் என்ற சொல் இன்று ஈழத்துத் தமிழர் நாவிலும் பழகிய சொல்லாகியுள்ளது. பாடசாலைகளும் கோயில்களும் திணைக்களங்களும் அதனை நடத்துகின்றன. ஆனால் சொல் பரவியவாறு பொருளும் பரவியதா என்பது ஐயத்துக்குரியது. முதல் மண்வெட்டியைப் பிரமுகர் பிடிக்க, படம் எடுத்து முடிந்ததும் அம்மண்வெட்டி வேறொருவர் கைக்கு மாறுவது எங்கும் காணும் காட்சி. ஆண்டுக்கொரு நாள் வளாகத்தைக் கூட்டியவர், மறுநாள் முதல் அதனைக் கூட்டும் தொழிலாளியின் பெயரையும் அறியாதிருப்பர். பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே இலங்கை நகரங்கள் பலவற்றின் துப்புரவுப் பணிக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் வழியினர் இன்னும் அத்தொழிலாலேயே அடையாளங் காணப்பட்டு வருகின்றனர். அவர்களின் நாளாந்த உழைப்பு எந்த மேடையிலும் தொண்டு எனப் பாராட்டப்படுவதில்லை.

1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இலங்கையிலே நிறைவேறியது. அதன் பின்னரும் 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசத்துக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. உழவாரத் தொண்டினைப் போற்றும் பாடல்கள் உள்ளே ஓதப்பட்டன. உடலுழைப்பினாலே ஊரைத் தாங்கியவர்கள் வெளியே நின்றனர். நாவுக்கரசரை வணங்கிய சமுதாயம், நாவுக்கரசர் செய்த செயலின் உட்பொருளை ஏற்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரையோரத்தைத் தாக்கி 30,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. திருக்கோணமலை மாவட்டக் கரையோரமும் பெரும் அழிவுக்குள்ளாயிற்று. அத்தகைய வேளைகளிலே முதற்கண் வந்து சேர்வது அரசாங்கமன்று, பக்கத்து வீட்டாரே. கோயில் மண்டபங்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் அடுப்பு மூட்டியவர், உடல்களைத் தூக்கியவர், கிணறு இறைத்தவர் ஆகியோரைச் சுற்றியே மக்கள் திரண்டனர். எவரும் அவர்களைத் தெரிவு செய்யவில்லை. அவர்கள் சொன்னதைப் பிறர் கேட்டனர். தலைமை என்பது தன் மூல வடிவிலே எவ்வாறு தோன்றும் என்பதை அந்நாட்கள் காட்டின.

இதுவரை நோக்கியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். திலகவதியார் முதல் விபுலாநந்தர் வரை, சொல்லினும் கை முந்தியபோதே பிறர் தாமாகப் பின்தொடர்ந்தனர். கஸ்தூரிபாவின் கண்ணீர் காட்டியவாறு, வற்புறுத்தலாற் பெறப்படும் சேவை தலைமையை அழிக்கும். நந்தனாரின் வரலாறு காட்டியவாறு, சிலர் விரும்பிச் செய்யும் பணியைப் பலர் விலகவியலாமற் செய்யும் சமுதாயத்திலே, தொண்டினைப் புகழ்வது அநீதிக்குத் திரையாகவும் பயன்படக்கூடும். ஆகவே தொண்டினால் தலைமை பெற விழைவோர்க்கு ஒரு கடன் உண்டு. அவர் ஏந்திய உழவாரம் புல்லைச் செதுக்கினால் மட்டும் போதாது. அக்கருவியைப் பரம்பரையாகச் சுமந்தவன் அதனைக் கீழே வைக்கவும், விரும்பினால் வேறொன்றைக் கையில் எடுக்கவும் வழிசெய்தல் வேண்டும்.

கரைவலையின் இரு வரிசையும் ஒருங்கே இழுத்தாலன்றி வலை நேராகக் கரையேறாது. பட்டமும் பதவியும் பெற்றோர் ஒரு வரிசையாகவும், கையுழைப்பால் வாழ்வோர் மறு வரிசையாகவும் நிற்கும் நாட்டிலே, முதல் வரிசையினர் கயிற்றைத் தொடாமல் கரையிலே நின்று ஏவுவாராயின் வலை கோணும். பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்களுள் ஒருவர் சேரிக்கு நடந்து சென்றவர் என்பதை, அவர் இருந்த ஆசனங்களின் வழிவந்தோரும் அவ்வாசனங்களின் முன் அமர்ந்து கற்போரும் மறவாதிருத்தல் தகும்.